தடை போட்டால் கேம் லினக்ஸுக்கு வருமா?

வியாசர்பாடியில் கேம் சென்டர் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “சார், எங்க கடையில இருக்கிறதெல்லாம் பழைய சிஸ்டம். விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, 11 ஏற மாட்டேங்குது. அமெரிக்கா சைனாவுக்கு சிப்பு தர மாட்டேன்னு தடை போடுதே, இப்படியே போனா கேம் கம்பெனிங்க எல்லாம் லினக்ஸுக்கு வந்துடுவாங்களா?”

முதலில் தடை. 2019 மே மாதம் அமெரிக்க வர்த்தகத் துறை ஹுவாவேயைத் தடைப்பட்டியலில் சேர்த்ததும், அதன் புதிய போன்களில் கூகுள் சேவைகள் நின்றுபோயின. 2022 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ரஷ்யாவில் புதிய விற்பனையை நிறுத்தியது. நம் நாட்டுக்கும் இது நேர்ந்தது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைத் தொடர்ந்து, இங்குள்ள எண்ணெய் நிறுவனமான நயாரா எனர்ஜியின் மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சலும் டீம்ஸும் முடங்கின. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் சேவை திரும்பியது. இப்படி அடிபடும் நாடுகள், விண்டோஸுக்கு மாற்றான, எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத லினக்ஸ் பக்கம் திரும்புவது இயல்பு. சீனாவில் கைலின், ரஷ்யாவில் அஸ்த்ரா. மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான நம் சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் இருக்கிறது.

ஆனால் இவையெல்லாம் அலுவலக மேசைக்குப் போகிற கணினிகள். கேம் நிறுவனம் ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையைத்தான் பார்க்கும். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் லினக்ஸ் பயன்படுத்துவோர் 2025 அக்டோபரில் 3 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தார்கள். அவர்களுக்காகத் தனிப் பதிப்பு எழுது என்றால் யார் எழுதுவார்கள்? 2015-ல் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம், லினக்ஸில் ஓடும் ‘ஸ்டீம் மெஷின்’ என்ற கேம் கணினியைக் கொண்டுவந்தபோது அதைத்தான் கேட்டது. பெரும்பாலோர் எழுதவில்லை, மெஷினும் விற்கவில்லை. 2018 ஆகஸ்டில் அதே வால்வ் ‘புரோட்டான்’ என்ற மென்பொருளோடு வந்தது. இந்த முறை கேம் நிறுவனங்களிடம் எதையும் கேட்கவே இல்லை. விண்டோஸுக்கு எழுதிய கேமையே எடுத்து லினக்ஸில் ஓட்டிக் காட்டியது.

எப்படி ஓடுகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

விண்டோஸ் கேமின் இஎக்ஸ்இ கோப்புக்குள் இருப்பவை பெரும்பாலும் இன்டெல், ஏஎம்டி பிராசசர்களுக்கான கட்டளைகள். கூட்டு, பெருக்கு, அங்கே தாவு. பிராசசருக்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. ஆகவே அந்தக் கட்டளைகளில் ஒன்றைக்கூட மாற்ற வேண்டியதில்லை. நேரடியாக அப்படியே ஓடும். தகராறு வருவது ஒரே இடத்தில்தான்: கோப்பைத் திற, நினைவகம் கொடு, திரையில் வரை என்று கேம் வெளியே உதவி கேட்கும் இடம். எந்தெந்த டிஎல்எல்லிலிருந்து (பல மென்பொருள்களும் பகிர்ந்துகொள்ளும் உதவிக் கோப்பு) என்னென்ன வேலை வேண்டும் என்ற பட்டியல் இஎக்ஸ்இ கோப்பிலேயே இருக்கிறது. விண்டோஸில் கேமைத் திறந்தால், அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே விண்டோஸ் தன் முகவரியை நிரப்பும். புரோட்டானுக்கு அடித்தளமான, 1993-ல் தொடங்கிய ‘வைன்’ திட்டம் அதே இடத்தில் தான் எழுதிய டிஎல்எல்களின் முகவரியை நிரப்புகிறது. காசிமேட்டுப் பக்கம் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். கப்பலில் வந்த பெட்டியை யாரும் பிரிப்பதில்லை. நான்கு மூலைத் துளைகளும் லாரியின் பூட்டில் உட்கார்ந்தால் போதும், பயணம் தொடரும். வைன் செய்வதும் அதுதான்: உள்ளே இருக்கும் சரக்கைத் தொடாமல் மூலைகளை மட்டும் பொருத்துகிறது.

கோப்பு, நினைவகம் எல்லாம் சுலபம். படம் வரைவதுதான் பெரிய வேலை. விண்டோஸ் கேம்கள் டைரக்ட்3டி என்ற முறையில் கிராபிக்ஸ் கார்டுடன் பேசுகின்றன. லினக்ஸில் இருப்பது 2016-ல் வெளியான வல்கன். இரண்டுக்கும் குணமே வேறு. டைரக்ட்3டி 11-ல் கேம் ஒவ்வொன்றாகச் சொல்லும்: இந்த ஷேடரை (நிறத்தையும் வெளிச்சத்தையும் கணக்கிடும் சிறு நிரல்) எடு, நிறத்தை இப்படிக் கல, சரி, இப்போது வரை. அடுத்த நொடி ஒன்றை மட்டும் மாற்றி மறுபடியும் ‘வரை’ என்னும். வல்கனுக்கு இது ஒத்துவராது. எல்லா அமைப்புகளையும் ஒன்றாகக் கட்டி, ‘பைப்லைன்’ என்று முன்கூட்டியே தயாரித்துக் கொடு என்று கேட்கும்.

இந்த இடைவெளியை நிரப்புவது, புரோட்டானோடு சேர்ந்து வரும் டிஎக்ஸ்விகே என்ற மென்பொருள். கேம் சொல்வதையெல்லாம் உடனே செய்யாமல் குறித்து வைத்துக்கொள்கிறது. ‘வரை’ என்று வந்ததும், இதே சேர்க்கையில் ஏற்கெனவே பைப்லைன் செய்திருக்கிறோமா என்று தேடுகிறது. இருந்தால் எடுத்துக் கொடுக்கிறது. இல்லாவிட்டால், விண்டோஸ் வடிவ ஷேடரை வல்கனுக்குப் புரியும் ஸ்பிர்-வி வடிவத்துக்கு மாற்ற வேண்டும்; கார்டை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் அதை உங்கள் கார்டின் சொந்தக் கட்டளைகளாக்க வேண்டும். நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. இப்படி மாற்ற, அதாவது கம்பைல் செய்ய, அதைவிட அதிகமானால் ஆட்டம் ஒரு குலுக்கு குலுக்கும். ஆரம்ப காலத்தில் லினக்ஸில் ஆடியவர்களுக்கு அந்தக் குலுக்கல் நன்றாகவே தெரியும். 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0 இதற்கு அழகான வழி கண்டது. ஷேடர் உள்ளே வந்தவுடனேயே பைப்லைனைத் துண்டு துண்டாகக் கம்பைல் செய்து வைத்துவிடுவது. வரைய வேண்டிய நேரத்தில் துண்டுகளை இணைப்பது மட்டும்தான் வேலை. இதற்காக வல்கனிலேயே புதிய வசதி சேர்த்தார்கள். எந்தக் கேம் கம்பெனியின் அனுமதியும் இல்லாமல், யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூலநிரலில் நடந்த வேலை இது. நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

தடை இங்கேதான் உள்ளே வருகிறது. 2023-ல் இறுக்கிய அமெரிக்க விதிகளால் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கேமிங் கார்டையே சீனாவில் விற்க முடியாமல் போயிற்று. திறன் குறைத்த 4090டி-யை அந்த நிறுவனம் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில், சீனாவில் சொந்தமாகக் கார்டு செய்யும் மூர் த்ரெட்ஸ் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. புதிதாகக் கார்டு செய்பவருக்குச் சிப்பைவிடப் பெரிய தலைவலி டிரைவர். டைரக்ட்3டியின் ஒவ்வொரு பதிப்புக்கும் விண்டோஸ் டிரைவர் எழுதிச் சரிபார்க்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். லினக்ஸிலோ வல்கன் டிரைவர் ஒன்றை உருப்படியாக எழுதினால் போதும், டைரக்ட்3டி 8 முதல் 11 வரை டிஎக்ஸ்விகே பார்த்துக்கொள்ளும். 12-க்கு விகேடி3டி-புரோட்டான் இருக்கிறது. சிப்பு கிடைக்காத நாட்டுக்கு லினக்ஸ் குறுக்குவழியாவது இப்படித்தான்.

திறந்த மூலம் என்பதற்காகச் சட்டம் தொடாது என்று நினைக்க வேண்டாம். 2024 அக்டோபரில் தடை விதிகளைக் காட்டி ரஷ்யப் பராமரிப்பாளர்கள் சிலரை லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஆனாலும் வெளியிட்ட நிரலை யாராலும் திரும்பப் பிடுங்க முடியாது.

நம் ஊர் நிலைமையைச் சொல்லியே ஆக வேண்டும். ஐஐடி மெட்ராஸ் ‘சக்தி’ என்ற பிராசசரை வடிவமைத்திருக்கிறது. அதை மனதாரப் பாராட்டுகிறேன். சிப்புக்குப் பணம் ஒதுக்கும் அரசுகள் கிராபிக்ஸ் டிரைவர் எழுதுபவருக்கும் ஒதுக்க வேண்டும். இதற்கு ஆலை வேண்டாம், நிலம் வேண்டாம். பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவிக்கு நல்ல கணினியும் இரண்டாண்டு உதவித்தொகையும் கொடுத்தால், உலகம் பயன்படுத்தும், லினக்ஸின் திறந்த மூல கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பான மெசாவில் அவர் கைவண்ணம் இருக்கும்.

மிச்சமிருக்கும் பூட்டு ஆன்டி-சீட், அதாவது ஆட்டத்தில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் மென்பொருள். ஈஸி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் 2021-லேயே புரோட்டானுக்கு வழி திறந்தன. ஆனால் கேம் நிறுவனம் சம்மதித்தால்தான் வேலை செய்யும். 2024 செப்டம்பரில் ஜிடிஏ ஆன்லைனில் பேட்டில்ஐ சேர்த்தபோது அந்தச் சம்மதம் தரப்படவில்லை. லினக்ஸில் ஆடியவர்கள் வெளியே நின்றார்கள். வேலரன்ட் கேமின் ஆன்டி-சீட்டான வேன்கார்ட் விண்டோஸ் கர்னலுக்குள்ளேயே உட்கார்வதால் வைனால் அதைத் தொட முடியாது. அந்தக் கேமைச் செய்யும் ரயட்டின் உரிமையாளர் சீனாவின் டென்சென்ட். சீன வீடுகளிலும் நெட் சென்டர்களிலும் லினக்ஸ் பரவினால், அந்தப் பூட்டைத் திறக்கும் அவசியம் முதலில் டென்சென்டுக்குத்தான் வரும். தடை கேம் நிறுவனங்களை அசைக்கும் என்றால் அந்த வழியில்தான் என்று நினைக்கிறேன்.

அதுவரை உங்கள் சென்டரில் பையன்கள் எதை அதிகம் ஆடுகிறார்கள் என்று பாருங்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 என்றால் அவை லினக்ஸில் நேரடியாகவே ஓடும், அந்த சிஸ்டங்களை இப்போதே லினக்ஸுக்கு மாற்றலாம். வேலரன்ட் கேட்பவர்களுக்கு மட்டும் விண்டோஸ் 11 ஏறுகிற சிஸ்டம் ஒன்றிரண்டு வாங்கி வையுங்கள்.