லாங் கோவிட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது?

போன வாரம் ஒரு தொலைக்காட்சி மருத்துவ நிகழ்ச்சியில் கால் மணி நேரத்துக்குள் ஏழெட்டுத் தடவை 'நீண்ட கோவிட்' என்று கேட்டுவிட்டேன். நீண்ட கூந்தல் தெரியும், நீண்ட வரிசை தெரியும். நீண்ட கோவிட் எத்தனை முழம்?

சொல் வந்த கதை சின்னதுதான். 2020 மே மாதம் எலிசா பெரேகோ என்ற இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர், தன் உடம்பு படும் பாட்டைச் சொல்ல 'லாங் கோவிட்' என்று ட்விட்டரில் எழுதினார், பரவிவிட்டது. லேசான தொற்று என்றால் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று அப்போது சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு ஆகவில்லையே என்று நோயாளிகள் போட்ட சண்டைதான் அந்த 'லாங்'. உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் இலக்கணம் வகுத்தது: வழக்கமாகத் தொற்று வந்து 3 மாத வாக்கில் காணப்படும், குறைந்தது 2 மாதமாவது நீடிக்கும், வேறு நோயால் விளக்க முடியாத தொல்லைகள். அசதி, மூச்சு வாங்குதல், ஞாபகம் பிசகுதல் போன்றவை. 'கோவிட்டுக்குப் பிந்தைய நிலை' என்று அவர்கள் வைத்த பெயர் நோயாளிகள் பலருக்குப் பிடிக்கவில்லை, நோய் முடிந்துவிட்டது போல ஒலிக்கிறதாம். நியாயம்தான்.

சரி, நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம். 'நீண்டகால கோவிட்' என்று காலத்தைச் சேர்த்தால் இலக்கணக் குறை தீர்ந்தது, பொருள் குறை அப்படியே நிற்கிறது. கேட்கிறவர் காதில் என்ன விழும்? இவருக்குக் கோவிட் இன்னும் இருக்கிறது, மாதக்கணக்காக இருக்கிறது, கிட்டே போனால் ஒட்டும். என் சித்திக்கு இதுதான் நடந்தது. தொற்று வந்து ஐந்து மாதம் கழித்து 'நீண்டகால கோவிட்' என்று யாரோ சொல்லப்போக, தினமும் கறிவேப்பிலை வாங்க வரும் பக்கத்து வீட்டம்மா வருவதை நிறுத்திவிட்டார். பெரும்பாலானவர்கள் பத்து நாள் வாக்கில் பிறருக்குப் பரப்புவது நின்றுவிடும், அப்புறம் வருவது உடம்பின் தொல்லைதான், ஊருக்குத் தொல்லை இல்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரியாத சொல் எதற்கு?

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'நெடுந்தொற்று' என்கிறார். ஓசை நன்றாகத்தான் இருக்கிறது, நெடுஞ்சாலை, நெடுந்தொடர் போல. ஆனால் தொற்று என்றாலே ஒட்டுவது, அதற்கு 'நெடு' வேறு சேர்த்தால் பக்கத்து வீட்டம்மா ஊரையே காலிசெய்துவிடுவார். சொல் தூய தமிழா என்று பார்த்தவர், சொல்வது சரியா என்று பார்க்கவில்லை. 'பின்விளைவு' சொல்லலாமே என்பீர்கள். தடுப்பூசி போட்டுக் காய்ச்சல் வந்தாலும் அதே பின்விளைவுதானே நம் பேச்சில்! 'கோவிட் பின்விளைவு' என்றால் பாதிப் பேர் ஊசியைத்தான் திட்டுவார்கள்.

என் கட்சி 'நோயெச்சம்'. எஞ்சு என்ற வினையிலிருந்து வந்தது எச்சம், போனது போக மிச்சம் நிற்பது. வினையிலும் பகையிலும் மிச்சம் வைத்தால் 'தீயெச்சம் போலத் தெறும்' என்கிறது குறள். அணைந்தது என்று நினைத்த அடுப்பில் கனல் கிடப்பது போல என்று நோயாளியே சொல்வார். இன்னொரு வசதியும் உண்டு. இது ஏன் வருகிறது என்பதற்கு வைரஸின் துணுக்குகள் உடம்பில் தங்குவது, நோய் எதிர்ப்பாற்றல் தடம் மாறுவது என்று பல கருத்துகள் ஓடுகின்றன. எது உறுதியானாலும் எச்சம் பொருந்தும். காக்கை எச்சம் ஞாபகம் வருகிறதே என்று நண்பர் சிரித்தார். பள்ளியில் பெயரெச்சம், வினையெச்சம் படித்தபோது யாரும் சிரிக்கவில்லையே, முற்றுப்பெறாத வினைக்குத்தானே அந்தப் பெயர்? 2006-இல் சிக்குன்குனியா வந்து காய்ச்சல் போய் மாதக்கணக்கில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் எத்தனை பேர், ஒருவராவது 'நீண்ட சிக்குன்குனியா' என்றாரா? காய்ச்சல் போச்சு, வலி போகல என்றார்கள். வேலை முடிந்தது.

மொழிபெயர்ப்பவர்கள் இந்தப் பேச்சைக் கேட்பதே இல்லை. மருத்துவமனையை விட்டு வந்தவரை எல்லாம் 'குணமடைந்து வீடு திரும்பியோர்' என்று தினமும் எண்ணினோம். வீடு திரும்பியது உண்மை, குணமடைந்தது யார் பார்த்தது? 'தேறி வருகிறார்' என்று அழகான சொல் சும்மா கிடக்கிறது, இன்னும் முடியவில்லை என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. கொஞ்சம் வேலை செய்தாலே மறுநாள் படுக்கையில் விழுவதற்கு 'உழைப்புக்குப் பிந்தைய உடல்நலக்குறைவு' என்று ஒரு சரக்கு ரயில். அதைவிட மோசம், ஞாபகம் பிசகி யோசனை மங்குவதற்கு வைத்த 'மூளை மூடுபனி'. சித்தியிடமே கேட்டுப் பார்த்தேன், உங்களுக்கு மூளை மூடுபனி இருக்கிறதா என்று.

"மூடுபனியா? அது ஊட்டிலதான்டா இருக்கும். எனக்குப் பால அடுப்புல வெச்சதே மறந்துபோகுது."