வெண்டைக்காய் ஏன் பூவாகப் பதிகிறது?

வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்த்து, ஒடியாததை முற்றல் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். நறுக்கிய காயில் வண்ணம் ஏற்றித் தாளில் ஒற்றும் காய்கறி அச்சைக் குழந்தைகளோடு செய்ய அமர்பவர்களோ ஒதுக்கப்பட்ட அந்தக் காயைத்தான் தேட வேண்டும். முற்றிய காயின் சுவரில் நார் ஏறியிருப்பதால், சின்னக் கை ஓங்கி அழுத்தினாலும் அது எளிதில் நசுங்குவதில்லை. பிஞ்சு விரைவில் குழைந்து, பூ இருக்க வேண்டிய இடத்தில் கறையைத்தான் விட்டுச் செல்லும்.

குறுக்காக நறுக்கிய வெண்டைக்காய் ஐந்து இதழ்ப் பூவாகப் பதிவதற்குக் காரணம் அதன் சூலகம், அதாவது பூவில் விதைகள் உருவாகும் பகுதி. பூவின் சூலகமே காயாக வளர்கிறது. வெண்டையில் அது பொதுவாக ஐந்து சூலிலைகள் (சூலகத்தை உருவாக்கும் இலை போன்ற உறுப்புகள்) ஒன்றாக இணைந்து உருவானது என்பதால், விதைகள் அடங்கிய ஐந்து அறைகள் உள்ளே இருக்கின்றன. அறைகளின் சுவர் வண்ணத்தை ஏந்தித் தாளில் படுகிறது. குழிவான வெற்றிடம் தாளைத் தொடுவதே இல்லை. சில ரகங்களில் அறைகள் ஐந்துக்கு மேலும் இருப்பதுண்டு, ஆகவே எண்ணிப் பார்க்கும் வேலையைக் குழந்தைகளிடமே விட்டுவிடலாம். வெங்காயத்தை நறுக்கி அச்சிட்டால் பதியும் வளையங்களோ கனியின் அறைகள் அல்ல. உணவைச் சேமித்துத் தடித்துப்போன இலை அடிகள் அவை.

மேடான பகுதி மட்டும் மையேந்திப் பதியும் இம்முறைக்குப் புடைப்பு அச்சு என்று பெயர். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூல் அச்சேறியதும் இதே முறையில்தான். செதுக்கிய முகம் கவிழ்ந்து தாளில் பதிவதால், உருளைக்கிழங்கில் 'க' செதுக்குபவர் அதை இடவலமாகத் திருப்பிச் செதுக்க வேண்டியிருக்கிறது.

அச்சு கெடுவதற்குப் பெரும்பாலும் நீரே காரணம். உருளைக்கிழங்கின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர் என்பதால், கத்தி பட்டு உடைந்த செல்களிலிருந்து கசியும் சாறு வண்ணத்தை நீர்க்கச் செய்து ஓட விடுகிறது. வெட்டுமுகத்தைப் பழைய துணியில் கவிழ்த்துப் பத்து நிமிடம் வைத்தால் போதும். வெண்டையின் கொழகொழப்பு, நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. அதையும் ஒருமுறை துடைத்துவிட வேண்டும். வண்ணக் கிண்ணத்தில் காயை முக்கினால் அறைகளும் நிரம்பிப் பூ அடைந்துவிடும். மடித்த ஈரத்துணியில் போஸ்டர் வண்ணத்தை ஊற்றி, அதில் ஒற்றி எடுப்பதே சரி.

தட்டையான உருளைக்கிழங்கு முகத்தில் வண்ணம் சற்றுக் கெட்டியாக இருந்தால், தாளில் பெரணி இலை போன்ற கிளைக்கோடுகள் தோன்றும். இதைப் பிழை என்று நினைத்து மீண்டும் அழுத்துபவர்கள் உண்டு. எனக்கு அச்சின் மிக அழகான பகுதியே இதுதான். கிழங்கைத் தூக்கும் நொடியில் விளிம்பிலிருந்து காற்று உள்ளே நுழைகிறது. தன்னைவிடப் பிசுபிசுப்பான திரவத்தை அது சீராகத் தள்ள முடியாமல் விரல் விரலாகப் பிரிந்து போகிறது. திரவங்களின் ஓட்டத்தை ஆராய்ந்த சாஃப்மேன், டெய்லர் இருவரும் 1958-இல் விளக்கிய இந்த நிலையின்மையில், காற்று எவ்வளவு வேகமாக நுழைகிறதோ அவ்வளவு நெருக்கமாக விரல்கள் பிரியும். ஒரே கிழங்கை ஒருமுறை மெல்லவும் மறுமுறை வெடுக்கென்றும் தூக்கி, இரு அச்சுகளையும் அருகருகே வைத்துக் கோடுகளின் இடைவெளியை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.