செயலிக்குள் குடியேறிய பிரவுசர்

விண்டோஸ் 11-இல் புதிய அவுட்லுக்கைத் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். செயலியின் பெயருக்குக் கீழே ‘வெப்வியூ2’ என்று வரிசையாகப் பல பெயர்கள் தெரியும். நீங்கள் எந்த பிரவுசரையும் திறக்கவில்லை. ஆனாலும் அங்கே ஓடுவது எட்ஜ் பிரவுசரின் எஞ்சின், அதாவது வலைப்பக்கங்களை வரைந்து இயக்கும் பகுதிதான். மின்னஞ்சல் பட்டியல், காலண்டர் எல்லாமே வலைப்பக்கங்கள்.

புரோகிராம் எழுதுபவருக்கு இது சுலபமாகத் தெரியும். ஒரு பட்டனை இழுத்து வைப்பதுபோல பிரவுசர் விட்ஜெட்டையும் (செயலிக்குள் பொருத்தும் துண்டு) ஃபார்மில், அதாவது செயலியின் திரையில் வைத்து, முகவரியைக் கொடுத்தால் பக்கம் வந்துவிடுகிறது. ஆனால் பட்டனுக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பட்டன் நம் செயலியின் மெமரிக்குள்ளேயே இருக்கும். இதுவோ பக்கத்துக்கு ஒன்று, கிராஃபிக்ஸுக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று என்று தனித்தனி ப்ராசஸ்களாக (தமக்கென மெமரி வைத்துக்கொண்டு ஓடும் புரோகிராம்களாக) ஓடும் முழு பிரவுசர். திரையில் ஒரு செவ்வகத்தை மட்டும் நாம் அதற்கு விட்டுக்கொடுத்திருக்கிறோம்.

முன்பு அப்படி இல்லை. 1990-களின் பிற்பகுதியில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் எஞ்சினை எந்தச் செயலியும் தன் ப்ராசஸுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளலாம். விண்டோஸின் உதவிக் கோப்புகள்கூட அதைக் கொண்டுதான் திறந்தன. பக்கம் ஒன்று சிக்கினால் செயலியும் சேர்ந்து விழும். இன்னொரு வினோதமும் உண்டு. பின்னாளில் கம்ப்யூட்டரில் எக்ஸ்ப்ளோரர் 11 இருந்தாலும், செயலிக்குள் அது பதிப்பு 7 போலவே நடந்துகொள்ளும். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் செயலியின் பெயரைப் போட்டு எதிரே 11000 என்று எழுதினால்தான் வழிக்கு வரும். இது தெரியாமல் ‘பிரவுசரில் நன்றாகத்தானே தெரிகிறது’ என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம்.

இன்றைய அமைப்பில் முதல் தலைவலி, படம் வரைவது. பிரவுசருக்கு ஒரு குட்டி விண்டோவைக் கொடுத்துவிடுவது ஒரு வழி. வேகமானது. ஆனால் அந்த விண்டோ எப்போதும் மேலேதான் நிற்கும். அதன் மேல் நாம் ஓர் அறிவிப்புப் பட்டையை வரைந்தால் பக்கத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

இன்னொரு வழி, பக்கத்தைத் திரைக்கு வெளியே மெமரியில் வரையச் சொல்லி, அந்தப் படத்தை நாமே எடுத்து ஒட்டுவது. இங்கே கணக்கு உதைக்கும். 1920×1080 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 83 லட்சம் பைட். நொடிக்கு 60 படம் என்றால் 50 கோடி பைட்டை நகர்த்த வேண்டும். அதனால் குரோம், எட்ஜ் பிரவுசர்களின் அடிப்படையான குரோமியத்தைச் செயலிகளுக்குள் வைக்க உதவும் சிஇஎஃப் என்ற கருவி, எந்தப் பகுதி மாறியது என்ற பட்டியலையும் படத்தோடு தருகிறது. அதை மட்டும் படியெடுத்தால் போதும். அப்புறம் மவுஸ், கீபோர்டு அசைவுகளையும் நாம்தான் பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். எழுத்துகளைக் கூட்டி உருவாக்கும் உள்ளீட்டு முறைகளுக்குத் தனி வழி இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வரவைப்பவர்களை மறந்துவிட்டு எழுதப்பட்ட செயலி அங்கே பல்லைக் காட்டிவிடும்.

சரி, பக்கமும் செயலியும் எப்படிப் பேசிக்கொள்கின்றன? ஒன்றின் மெமரியை மற்றொன்று தொட முடியாது. செய்தி அனுப்பத்தான் முடியும். பக்கத்தில் ‘அச்சிடு’ பட்டனை அழுத்தினால், ‘வேலை: அச்சிடு, பில் எண்: 42’ என்ற மாதிரி ஒரு வரியைப் பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அனுப்பும். செயலி அதைப் படித்து அச்சிடும். செயலியும் பக்கத்திடம் ஏதாவது கேட்கலாம். பதில் உடனே வராது, தன் முறை வரும்போதுதான் வரும். பதில் வரும்வரை காத்திருக்கிறேன் என்று செயலி தன் முதன்மை இழையை (திரையையும் செய்திகளையும் கவனிக்கும் வேலைத்தொடரை) நிறுத்திவிட்டால் போச்சு: பதிலை வாங்க வேண்டியதும் அதே இழைதான். பதிலை வாங்க ஆளில்லாமல் செயலி அப்படியே உறைந்துவிடும்.

அனுப்பியது யார் என்று பார்க்காமல் செயலி கீழ்ப்படியவும் கூடாது. யாரோ ஒரு இணைப்பைச் சொடுக்கி வேறு தளத்துக்குப் போயிருந்தால், ‘அச்சிடு’ என்று சொல்லும் வாய்ப்பு அந்தத் தளத்துக்கும் கிடைத்துவிடும். ‘கோப்பை அழி’ என்பதும் அதே பாதையில்தான் வரும்.

ஆபத்து மறுபக்கமும் இருக்கிறது. செயலி நினைத்தால் உள்ளே திறந்திருக்கும் எந்தப் பக்கத்திலும் தன் ஸ்கிரிப்ட்டை நுழைத்து, தட்டும் பாஸ்வேர்டைப் படிக்கலாம். முகவரிப் பட்டை இல்லாததால் எந்தத் தளம் என்றுகூடத் தெரியாது. ஆர்எஃப்சி 8252 என்ற 2017-ஆம் ஆண்டு இணையத் தர ஆவணம், செயலிகள் வேறொரு நிறுவனத்தின் லாகினை உள் பிரவுசரில் நடத்தக் கூடாது என்கிறது. ‘கூகுள் கணக்கில் நுழை’ என்றதும் பல செயலிகள் உங்களை வெளி பிரவுசருக்குத் தள்ளிவிடுவது இதனால்தான்.

கடைசியாக எடை. வலைப்பக்கங்களைக் கொண்டு செயலி கட்ட உதவும் கருவி எலக்ட்ரான். 2013-இல் ஆட்டம் ஷெல் என்ற பெயரில் தொடங்கிய அது, ஒவ்வொரு செயலியோடும் ஒரு முழு குரோமியத்தைக் கட்டிக் கொடுக்கிறது. ஐந்து செயலி என்றால் ஐந்து பிரவுசர். எங்கும் ஒரே மாதிரி தெரியும் என்பது லாபம். குரோமியத்தில் பாதுகாப்பு ஓட்டை ஒன்று அடைக்கப்பட்டால், ஐந்து தயாரிப்பாளர்களும் தனித்தனியே புதுப் பதிப்பு வெளியிட வேண்டும். வெப்வியூ2, எலக்ட்ரானைப் போன்ற இன்னொரு கருவியான டாரி போன்றவை கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் எஞ்சினைப் பகிர்ந்துகொள்கின்றன. அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். சிறு குழு எழுதும் செயலிக்கு இதுதான் சரி என்பது என் கட்சி. ஆனால் டாரி விண்டோஸில் எட்ஜின் எஞ்சினையும் மேக்கிலும் லினக்ஸிலும் வெப்கிட் என்ற வேறு எஞ்சினையும் எடுத்துக்கொள்வதால், பக்கத்தை மூன்று இடத்திலும் ஓட்டிப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.