சத்சங்கம்: தமிழில் நல்லார் இணக்கம்

சத்சங்கம் என்றால் பலருக்கும் மேடை, மைக், நடுவில் ஒரு குரு, எதிரே கூட்டம் என்றுதான் கண்முன் வருகிறது. நாலு நண்பர்கள் ஓய்வு நேரத்தில் கூடி ஒரு பாட்டின் பொருளையோ மனசை அரிக்கும் ஒரு கேள்வியையோ பேசிக்கொண்டிருந்தால் அதை அரட்டை என்று சொல்லிவிடுவோம். சொல்லின் பிறப்பைப் பார்த்தால் அந்த நாலு பேருக்கும் சத்சங்கம் என்ற பெயர் நன்றாகவே பொருந்தும். அப்படியானால் அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழப்பத்துக்குக் காரணம் நம் எழுத்து. வடமொழியில் இரண்டு தனிச் சொற்கள் உண்டு. ஒன்று நாலாம் ககரத்தில் (gha) வருவது: கூட்டம், அமைப்பு என்று பொருள். பௌத்த சங்கம் இந்த வகை. மற்றொன்று மூன்றாம் ககரத்தில் (ga) வருவது: ஒட்டிக்கொள்ளுதல், பற்று, சேர்க்கை. தமிழில் எழுதினால் இரண்டும் 'சங்கம்'தான். சத்சங்கத்தில் இருப்பது இரண்டாவது. ஆக, அதற்குத் தலைவர், செயலாளர், சந்தா எதுவும் வேண்டாம். ஒட்டுறவு இருந்தால் சரி. 'சத்' என்பது 'இருத்தல்' என்னும் வினையடியில் பிறந்தது. உள்ளது, உண்மை, நல்லது, நல்லவர் என்று அதன் பொருள் விரியும்.

இதே 'சங்கம்' கீதையில் விடவேண்டிய பற்று. அங்கே அதைத் துறக்கச் சொல்கிறார்கள், இங்கே சேரச் சொல்கிறார்கள். ஆதிசங்கரர் பெயரில் வழங்கும் பஜகோவிந்தம் இந்த முரணை வைத்தே விளையாடுகிறது: சத்சங்கத்தால் நிஸ்சங்கம், அதாவது நல்லவரைப் பற்றினால் மற்ற பற்று விடும். ரமணர் இக்கருத்தைத் தமிழில் 'சத்திணக்கத்தினால் சார்பு அகலும்' என்றார். சங்கத்துக்கு இணக்கம், சார்பு என்று இரண்டு தமிழ்ச் சொற்கள் அங்கேயே கிடைத்துவிடுகின்றன. 'சத்' என்பதற்குத் தமிழ்ச் சொல் மட்டும்தான் பாக்கி.

அதுவும் பட்டினத்தாரிடம் முழுசாக இருக்கிறது: 'நல்லார் இணக்கமும் நின்பூசை நேசமும் ஞானமுமே அல்லாது வேறு நிலையுளதோ'. என் ஓட்டு இந்த 'நல்லார் இணக்கம்' என்ற தொடருக்குத்தான். மூதுரையும் நல்லாரைக் காண்பது, அவர் சொல் கேட்பது, குணங்களை உரைப்பது என்று அடுக்கிவிட்டு, 'அவரோடு இணங்கி இருப்பதுவும் நன்று' என்று முடிக்கிறது. இணங்குதல் என்றால் மனம் ஒத்துப் பழகுதல். ஒட்டிச் சொன்னால் 'நல்லிணக்கம்' ஆகும். ஆனால் அது இன்று சமய நல்லிணக்கம், சமூக நல்லிணக்கம் என்று வேறு வேலைக்குப் போய்விட்டது. பிரித்தே எழுதலாம்.

சைவர்களுக்கு அடியார் கூட்டம் உண்டு. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் கடைசி நூற்பா 'அன்பரொடு மரீஇ' என்கிறது. மருவுதல் என்றால் கலந்து பழகுதல், அழகான சொல். வைணவத்தில் நம்மாழ்வார் ஏங்கும் 'அடியார்கள் குழாங்கள்'. கிறித்தவர்கள் ஐக்கியம் என்பார்கள். பழைய விவிலிய மொழிபெயர்ப்பு 'அந்நியோந்நியம்' என்றும் சொல்லும். ஆனால் அடியார், குழாம் எல்லாம் ஒரே நெறியில் நிற்பவர்களுக்கான சொற்கள். நண்பர்களுக்குள் ஒருவர் கோயிலுக்குப் போகிறவர், இன்னொருவர் போகாதவர் என்றால் 'நல்லார் இணக்கம்' போதும்.

சரி, சத்சங்கம் என்றாலே கூடவே பேசப்படும் 'ஆனந்தம்' என்பதற்குத் தமிழில் என்ன? இன்பம், மகிழ்ச்சி, உவகை, களிப்பு என்று தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. வருகிற மகிழ்ச்சி வேறு, தேர்ந்துகொள்கிற மகிழ்ச்சி வேறு. இரண்டாவதற்குப் புறநானூறு 194-இல் பக்குடுக்கை நன்கணியார் என்னும் புலவர் 'காண்க' என்கிறார். ஒரு வீட்டில் சாப்பறை, அடுத்த வீட்டில் மணமுழவு. இரண்டையும் காட்டிவிட்டு, 'இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்பு உணர்ந்தோரே' என்று முடிக்கிறார். உலகம் கொடியதுதான் என்று ஒப்புக்கொண்ட பிறகே இனியதைக் காணச் சொல்கிறார். எல்லாம் நல்லதாகவே நினை என்று சொல்லும் இன்றைய அறிவுரைகளில் அந்த முதல் பாதி பெரும்பாலும் காணாமல் போகிறது.

இணக்கம், இன்பம் இரண்டையும் ஒரே கண்ணியில், அதாவது இரண்டடிப் பாட்டில், முடிந்தவர் தாயுமானவர்: 'அன்பர்பணி செய்யஎனை ஆளாக்கி விட்டுவிட்டால் இன்பநிலை தானேவந் தெய்தும் பராபரமே'. நன்கணியார் இனியதைத் தேடிக் காணச் சொல்ல, இவரோ அன்பர் பணிக்கு ஆளாகிவிட்டால் அது 'தானே' வரும் என்கிறார்.