வண்டிக்கு ஊட்டுவதா, ஏற்றுவதா?

'நிறுவனக் கடற்படைக்கான கட்டணத் திட்டமிடல்.' சமீபத்தில் என் கைக்கு வந்த ஒரு கையேட்டின் தலைப்பு இது. ஏதோ கப்பல் கம்பெனி துறைமுகக் கட்டணத்தைப் பற்றி எழுதியிருக்கிறது என்று நினைத்துத்தான் திறந்தேன். உள்ளே இருந்தவை மின்சார வேன்கள். ஒரு நிறுவனம் தன் டீசல் வண்டிகளைக் கழித்துவிட்டு மின்வாகனங்கள் வாங்கினால், அவற்றுக்கு எங்கே, எந்த நேரத்தில், எத்தனை முனைகளில் சார்ஜ் போடுவது என்பதுதான் விஷயம். ஃப்ளீட் கடற்படை ஆகிவிட்டது, சார்ஜிங் கட்டணம் ஆகிவிட்டது. மூன்றாம் பக்கத்தில், 'ஓட்டுநர் இரவில் கட்டணத்தைச் செருகிவிட்டு வீட்டுக்குச் செல்லலாம்' என்று ஒரு வரி. எந்த உண்டியலில் செருகுவது என்று சொல்லவில்லை.

இது இயந்திரம் செய்த மொழிபெயர்ப்பு, சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு எரிச்சலூட்டியது, பிறகு வந்த திருத்திய படி. திருத்தியவர் மனிதர், படித்தவர். 'கட்டணம்' என்பதையெல்லாம் அடித்துவிட்டு 'மின்னூட்டம்' என்று போட்டிருந்தார். மின்னூட்ட நிலையம், மின்னூட்டத் திட்டம், மின்னூட்டம் பெற்ற வண்டி. செய்திகளிலும் அறிவிப்புகளிலும் இந்தச் சொல்லைப் பார்த்துப் பார்த்துச் சும்மா இருந்தவன்தான் நான். இந்த முறை முடியவில்லை.

சார்ஜ் என்ற சொல்லின் பிறப்பை முதலில் முடித்துவிடுகிறேன். பழைய கெல்டிக் மொழி ஒன்றில் வண்டிக்கு இருந்த பெயரை ரோமானியர்கள் இரவல் வாங்கி 'கர்ருஸ்' என்றார்கள். அதிலிருந்து 'கர்ரிகாரே', அதாவது வண்டியில் பாரம் ஏற்றுவது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் சார்ஜ் ஆனது. கார், கார்கோ எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள்தான். ஆளை மிகையாக வரைந்து காட்டும் கேரிகேச்சரும் அதே வீடு, 'அதிகமாக ஏற்றியது' என்று பொருள். வண்டியில் ஏற்றியதைப் போலத் துப்பாக்கியில் மருந்து ஏற்றினார்கள், அதுவும் சார்ஜ். ஒருவர் தலையில் பொறுப்பையோ கடனையோ ஏற்றினார்கள், அதுவும் சார்ஜ். கட்டணம் என்ற பொருள் இந்தக் கடைசிக் கிளையில் முளைத்தது. 1745-46இல் லேடன் ஜாடி வந்து, மின்சாரத்தைப் பிடித்து வைக்க முடியும் என்று ஆனபோது, துப்பாக்கிக்குச் சொன்ன சொல்லையே ஜாடிக்கும் சொல்லிவிட்டார்கள். 1859இல் காஸ்தோன் பிளாண்டே ஈய அமில பேட்டரியைச் செய்தார். திரும்பத் திரும்ப சார்ஜ் போடக்கூடிய முதல் பேட்டரி அது. சொல் அங்கேயும் ஒட்டிக்கொண்டது. ஆக, காருக்கு சார்ஜ் போடுவது என்றால், வேர்ப்படி, வண்டிக்குள் வண்டிப்பாரம் ஏற்றுவது. சுற்றி வந்து வண்டியிலேயே முடிந்திருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம்.

ஊட்டு என்பது உண் என்ற வினையின் பிறவினை. உண்ணச் செய்வது. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறோம், கன்றுக்குப் பால் ஊட்டுகிறோம். அங்கிருந்து நீண்டு நிறமூட்டு, ஊக்கமூட்டு, உயிரூட்டு என்றெல்லாம் வந்தன. இவற்றில் எதுவும் எண்ணிக்கைக்கு வராது. இவ்வளவு ஊக்கம் ஊட்டினேன், இன்னும் பாதி பாக்கி என்று யாரும் சொல்வதில்லை. பேட்டரி அப்படியா? 20 சதவீதத்தில் ஆரம்பித்து 80 வரை ஏறுகிறது, அதற்கு மேல் வேகம் குறைகிறது, மீட்டர் ஒவ்வொரு கிலோவாட் மணியையும், அதாவது யூனிட்டையும், கணக்கு வைக்கிறது. ஒரு கலத்தில் மட்டம் உயர்வதைப் போன்ற சங்கதி இது. தமிழர் வாயில் இதற்கு ஏற்கெனவே வினை இருக்கிறது. 'சார்ஜ் ஏறுது', 'சார்ஜே ஏற மாட்டேங்குது', 'அதுக்குள்ள சார்ஜ் இறங்கிடுச்சு'. ஆங்கிலப் பெயர்ச்சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு எந்த வினை பொருந்தும் என்று யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. தானாக 'ஏறு'வும் 'இறங்கு'வும் வந்து உட்கார்ந்துகொண்டன. 'போனுக்கு சார்ஜ் ஊட்டினேன்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? மருத்துவமனையிலும் ரத்தம் ஏற்றுகிறார்கள், குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். வெளியிலிருந்து ஒரு குழாய் வழியாக, அளவு பார்த்து, மெதுவாக உள்ளே போவதற்கு நாம் வைத்திருக்கும் சொல் ஏற்றுவதுதான்.

இரண்டாவது காரணம் இன்னும் வலுவானது. தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்களில் மின்னூட்டம் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை கொடுத்தாகிவிட்டது. கூலோம் என்ற அலகில் அளக்கிறோமே, அது. தலைமுடியில் தேய்த்த சீப்பு காகிதத் துண்டுகளை இழுத்தால் அந்தச் சீப்பு மின்னூட்டம் பெற்றிருக்கிறது என்று படித்தோம். அப்படியானால் 'மின்னூட்டம் பெற்ற வண்டி' என்பது என்ன? தொட்டால் சுரீர் என்று இழுக்கும் வண்டி. ஓட்டுநர்களுக்கான கையேட்டில் இதை எழுதியிருக்கிறார்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். பேட்டரிக்கு சார்ஜ் போடும்போது அதன் நிகர மின்னூட்டம் கூடுவதே இல்லை. ஒரு முனையில் எவ்வளவு எலக்ட்ரான் நுழைகிறதோ அவ்வளவு மறு முனையில் வெளியே வந்துவிடுகிறது. உள்ளே சேமிப்பாவது ஆற்றல், வேதி மாற்றத்தின் வடிவில். நிறைந்த பேட்டரியும் வெறும் பேட்டரியும் மின்னூட்டக் கணக்கில் ஒன்றுதான். ஆங்கிலத்திலும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குழம்பத்தானே செய்கிறார்கள் என்று கேட்கலாம். குழம்பட்டும். அவர்களுக்குப் பழைய பாத்தியதை, விட முடியாது. நமக்கு இரண்டு சொற்கள் கையில் இருக்கும்போது அந்தக் குழப்பத்தை எதற்குக் காசு கொடுத்து இறக்குமதி செய்ய வேண்டும்?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் கூலோமில் அளப்பதற்குப் பெயரே ஏற்றம்தான். நேர் ஏற்றம், மறை ஏற்றம் என்பார்கள். அங்கே படித்த ஒருவரிடம் இரண்டாம் காரணத்தைக் கொண்டுபோனால் என்னைப் பார்த்துச் சிரிப்பார். அவர்களுக்காகவும் நமக்காகவும் செயலைக் குறிக்கும்போது மின்னேற்றல் என்று எழுதிவிட்டால் தகராறு இல்லை. நிலையத்துக்கு மின்னேற்று நிலையம், கருவிக்கு மின்னேற்றி. 'மின்னேற்றம்' என்றால் விலையேற்றம் மாதிரி மின்சாரம் விலை ஏறிவிட்டதாகத் தோன்றுகிறது என்றார் ஒரு நண்பர். கொஞ்சம் நியாயம்தான். மின்னேற்றலில் அந்த வாடையும் அடிப்பதில்லை.

ஊட்டு என்ற சொல்லை நான் வெறுக்கவில்லை. அதற்குத் தகுந்த இடம் இதே வேலையில் இருக்கிறது. மின்மாற்றியிலிருந்து பணிமனைக்கு மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பிவடத்தை ஃபீடர் என்கிறார்கள் அல்லவா? அதை ஊட்டுவடம் என்று சொல்லுங்கள். அது சேமிக்காது, அளவு காட்டாது, கேட்கக் கேட்க ஊட்டிக்கொண்டே இருக்கும். ஊட்டுவடம் கொண்டுவருகிறது, மின்னேற்றி வண்டியில் ஏற்றுகிறது. இரண்டு சொல், இரண்டு வேலை. எதிர்ச்சொல்லையும் பாருங்கள். வண்டியின் பேட்டரியிலிருந்து கட்டடத்துக்கோ மின்தொகுப்புக்கோ மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடுகள் இப்போது வந்துவிட்டன. ஏற்றல் என்றால் அதற்கு இறக்கல் தயாராக நிற்கிறது. ஊட்டலுக்கு எதிர்ச்சொல் என்ன? கக்கலா?

இதெல்லாம் சொல்லாராய்ச்சி, வேலைக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. இருபது வேன்கள். ஒவ்வொன்றும் நாளுக்கு 120 கிலோமீட்டர் ஓடுகிறது, கிலோமீட்டருக்குக் கால் கிலோவாட் மணி செலவு. ஆக வண்டிக்கு 30. ஏற்றும்போது வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 33. இருபதுக்கும் 660 கிலோவாட் மணி. வண்டிகள் மாலை 7 மணிக்குத் திரும்பி, காலை 5 மணிக்குக் கிளம்புகின்றன. பத்து மணி நேரத்தில் பரப்பி ஏற்றினால் 66 கிலோவாட் போதும். எல்லோரும் வந்ததும் வராததுமாக 11 கிலோவாட் முனைகளில் செருகிவிட்டால்? 220 கிலோவாட். இரவு 10 மணிக்கு வேலை முடிந்து, மீதி ஏழு மணி நேரம் முனைகள் சும்மா கிடக்கும். மயிற்பீலிதானே என்று ஏற்றிக்கொண்டே போனாலும் அச்சு முறியும் ஓர் இடம் உண்டு. இங்கே அது மின்மாற்றி.

இந்தக் கணக்கில்தான் கட்டணம் என்ற சொல் உண்மையாகவே உள்ளே வருகிறது. பெரிய மின் இணைப்புகளுக்குப் பயன்படுத்திய அலகுக்குத் தனியாகவும், மாதத்தில் ஏதாவது ஒரு கால் மணியோ அரை மணியோ தொட்ட உச்சத் தேவைக்குத் தனியாகவும் பல இடங்களில் பணம் வாங்குகிறார்கள். இரண்டாவதைத்தான் டிமாண்ட் சார்ஜ் என்பார்கள். கேட்புக் கட்டணம் என்று சொல்லலாம். அந்த 220 கிலோவாட் ஒரே ஒரு நாள் மாலையில் எட்டிப் பார்த்தாலும் மாதம் முழுவதற்குமான கேட்புக் கட்டணம் அதை வைத்துத்தான் போடப்படும். ஆக, மின்னேற்றலைத் திட்டமிடுவதே கட்டணத்தைக் குறைக்கத்தான். ஒரே பக்கத்தில் இரண்டும் வரும். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிய கையேட்டை வைத்துக்கொண்டு எந்த மேலாளர் என்ன முடிவு எடுப்பார்? 'இரவில் கட்டணம் குறைவாக இருக்கும்போது கட்டணம் செய்யவும்' என்று அதில் ஒரு வரி நிஜமாகவே இருந்தது.

லோடு என்ற சொல்லிலும் இதே கதை. 'சுமை மேலாண்மை' என்று ஒரு அத்தியாயம். வேனில் பெட்டிகளை எப்படி அடுக்குவது என்று சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன், இருபது முனைகளுக்குள் மின்சாரத்தைப் பங்கிடுவதைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். வண்டி நிறையச் சரக்கு இருந்தால் கிலோமீட்டருக்கு ஆகும் செலவும் கூடும் என்பதால், அந்தச் சுமையும் இதே அத்தியாயத்தில் வருகிறது! எந்தச் சுமை எங்கே என்று தேடுவதே சுமை. மின்வாரியக் காகிதங்களில் மின்பளு என்ற நல்ல சொல் புழங்குகிறது. அதை மின்சாரத்துக்கு வைத்துக்கொண்டு, வண்டிக்குப் பாரம் என்றோ சரக்கு என்றோ எழுதினால் முடிந்தது. பவரும் எனர்ஜியும் ஒன்றாகச் 'சக்தி' ஆகிவிட்ட பத்திகளை நான் எண்ணவே இல்லை. கிலோவாட் திறன், கிலோவாட் மணி ஆற்றல். பள்ளிக்கூடப் பாடம் இது. மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கிடைக்கும் கூலியும் அவகாசமும் எனக்குத் தெரியும், அதனால் முழுக்க அவர்களைத் திட்ட மனம் வரவில்லை. ஆனால் எழுதி முடித்ததை ஒரு முறை வாய்விட்டுப் படிக்கக் கூலி எதுவும் வேண்டாம்.

கடற்படையை மறந்துவிட்டேன். ஃப்ளீட்டின் பழைய ஆங்கில வேர் மிதப்பது. கப்பல்களுக்கு வைத்த பெயர் பிறகு கரையேறி வண்டிகளுக்கும் ஆனது. இயந்திரம் பழைய பொருளைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். இதற்கு 'வாகனப்படை', 'ஊர்தித்திரள்' என்று சிலர் எழுதுகிறார்கள். படை என்றால் போருக்குக் கிளம்பியது போலவும், திரள் என்றால் நெரிசலில் மாட்டியது போலவும் எனக்குப் படுகிறது. நிறுவன வண்டிகள் என்று பன்மையில் சொன்னாலே போதும். கண்டிப்பாக ஒருமைப் பெயர் வேண்டும் என்பவர்கள் வண்டித் தொகுதி என்று வைத்துக்கொள்ளட்டும், சண்டைக்கு வர மாட்டேன்.

ஸ்மார்ட் சார்ஜிங் ஒன்று பாக்கி. 'அறிவார்ந்த மின்னூட்டம்' என்று போட்டிருந்தார் திருத்தியவர். அதில் நடப்பது இதுதான்: எந்த வண்டி முதலில் கிளம்பும், எதற்கு எவ்வளவு தேவை என்று பார்த்து, மொத்தம் அந்த 66 கிலோவாட்டைத் தாண்டாமல் ஒன்றுக்குக் கூட்டி ஒன்றுக்குக் குறைத்து ஏற்றுவது. வாய்க்கால் தண்ணீர் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் போதாதபோது உழவர்கள் செய்வதும் இதுவே. முறை வைப்பது என்பார்கள். அந்த இடத்தில் 'முறைவைத்து ஏற்றல்' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.