மிரட்டல் வேறு, துன்புறுத்தல் வேறு

இவ்வாண்டுத் தொடக்கத்தில் இங்கே சிங்கப்பூரில் என் அண்டை வீட்டுப் பெண்மணி, மகளின் பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கையின் தமிழாக்கத்தைப் படித்துவிட்டு, அதில் சொன்னபடியே பிள்ளையிடம் பேசியிருக்கிறார். ‘இணைய மிரட்டல் குறித்துப் பிள்ளைகளிடம் கேளுங்கள்’ என்பது அதன் அறிவுரை. “உன்னை யாராவது மிரட்டுறாங்களாம்மா?” என்று அவர் கேட்க, தொடக்கநிலை ஆறில் பயிலும் அந்தப் பிள்ளை “இல்லம்மா” என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது உண்மை. எவரும் அவளை மிரட்டவில்லை. வகுப்புத் தோழிகள் அவளை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டு, அவளுடைய படத்தைச் சிதைத்து ஸ்டிக்கராக்கித் தங்களுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தாய்க்கு அது தெரியவர மேலும் ஆறு வாரம் ஆயிற்று. ‘சைபர்புல்லியிங்’ என்ற ஆங்கிலச் சொல்லை ‘இணைய மிரட்டல்’ என்று எழுதும் வழக்கத்தை இதற்கு மேலும் பொறுத்துக்கொண்டிருக்க என்னால் இயலவில்லை.

சொல்லின் பிறப்பு எளிது. மீகாமனைக் குறித்த ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் தம் கட்டுப்பாட்டு அறிவியலுக்கு ‘சைபர்னெட்டிக்ஸ்’ என்ற பெயரை எடுத்தார். அதன் முற்பாதியே பின்னர்க் கணினி வலையைக் குறிக்கும் ‘சைபர்’ ஆயிற்று. ‘புல்லி’ என்பது 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அன்புக்குரியவரைக் குறித்தது. காலப்போக்கில் பொருள் தலைகீழாகி, எளியவரை வாட்டுபவருக்கு உரியதாயிற்று.

சுவீடனில் பிறந்த உளவியலாளர் டான் ஒல்வேயஸ் 1970களில் தொடங்கிய ஆய்வுகள் ‘புல்லியிங்’ என்னும் இச்செயலுக்கு மூன்று அடையாளங்களைத் தந்தன: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க வலுவில்லாதவரிடம் செய்வது. மூன்றாவது அடையாளம் தமிழுக்குப் புதிதன்று. ‘தன்னின் மெலியார்மேல் செல்லும் இடத்து’ என்று குறள் 250 சொல்வது அதைத்தான். இந்த மூன்றில் பின்னிரண்டும் ‘மிரட்டல்’ என்ற சொல்லில் இல்லை. மிரட்டல் என்றால் இனி நேரப்போகும் ஒரு தீங்கைச் சொல்லி அச்சுறுத்துவது. ஒருமுறை செய்தாலும் அது மிரட்டல், வலியவரை எளியவர் செய்தாலும் அது மிரட்டல். நம் தண்டனைச் சட்டத்தின் 503ஆம் பிரிவு குற்றமாக்குவதும் அத்தகைய அச்சுறுத்தலையே. குழுவிலிருந்து ஒதுக்குவதிலும், போலிக் கணக்கு தொடங்கி ஒருவர் பெயரில் இழிவாக எழுதுவதிலும், உடலையோ நிறத்தையோ சொல்லி நகைப்பதிலும் அச்சுறுத்தல் எங்கே இருக்கிறது? 2014இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம்கூட மிரட்டும் சொற்கள், வசைச் சொற்கள், இழிவுபடுத்தும் சொற்கள் என மூன்றைத் தனித்தனியாகவே சொல்கிறது. சட்டம் மூன்றில் ஒன்றாக வைத்ததை மொழிபெயர்ப்பாளர் முழுமைக்கும் பெயராக்கிவிட்டார். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து எழுதிவிட்டு, அந்தச் சொல்லைக் கேட்கும் பிள்ளையின் மனத்தில் என்ன காட்சி எழும் என்று எண்ணிப் பார்க்காத பழக்கமே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

மலேசியாவில் பரவலாகவும் இங்கே ஓரளவும் வழங்கும் ‘பகடிவதை’யைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். ‘வதை’ வடசொல் என்பது என் மறுப்புக்குக் காரணம் அன்று. இலங்கைத் தமிழர் ‘பகிடிவதை’ என்னும்போது பல்கலைக்கழகப் புதுமுக மாணவர்க்கு மூத்தவர் இழைக்கும் கொடுமையையே பெரும்பாலும் நினைப்பார்கள். அவ்விடத்தில் அது பொருத்தமான சொல். இங்கோ, ‘சும்மா விளையாட்டுக்குத்தான் செய்தோம்’ என்று செய்தவர் சொல்லும் சமாதானத்தைப் ‘பகடி’ என்று பெயரின் தலையிலேயே ஏற்றி வைக்கிறோம். துன்பப்பட்ட பிள்ளைக்கு அது எந்நாளும் பகடியாக இருந்ததில்லை.

எனவே ‘இணையவழித் துன்புறுத்தல்’ என்றே எழுதலாம். வேர் தமிழ், பொருள் எவருக்கும் உடனே விளங்கும், உரிய சட்டத்தின் பெயரோடும் ஒத்துப்போகும். ‘வழி’ அதில் இருக்க வேண்டும். துன்புறுத்துவது இணையம் அன்று, அதன் மறுமுனையில் இருக்கும் மனிதர். ‘இணையம்’ என்ற சொல்லைத் தந்தவராகப் போற்றப்படும் நா. கோவிந்தசாமி நம் ஊர்க்காரர். இணையத்தில் தமிழைப் பற்றிய தமிழ்நெட்97 மாநாடும் 1997இல் இங்குதான் நடந்தது. 2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது பாடங்கள் நம் பிள்ளைகளை வந்தடைந்ததும் இணையவழியாகவே. ‘இணையவழிக் கற்றல்’ இருக்குமானால் ‘இணையவழித் துன்புறுத்தல்’ என்பதும் இயல்பாகவே அமையும். நன்மைக்கும் கேட்டுக்கும் வழி ஒன்றே என்பது பெயரிலும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே சுற்றறிக்கையில் ‘இணைய மிரட்டலுக்குப் பலியான மாணவர்கள்’ என்றொரு தொடர் இருந்தது. தமிழில் பலியானவர் என்றால் இறந்தவர். உயிரோடு இருந்து உதவி தேடும் பிள்ளைகளை அப்படி எழுதலாகாது; பாதிக்கப்பட்ட மாணவர்கள் என்று எழுதுங்கள்.