பாசியில் புடைப்பு கண்டாலே ஒட்டுண்ணியா?

கடற்பாசி வளர்ப்பவர்களிடமிருந்து மறுபடியும் ஒரு படம் வந்திருக்கிறது. கஞ்சிப்பாசி (கிராசிலேரியா என்ற சிவப்புக் கடற்பாசி) கிளை முழுக்கக் கடுகளவு புடைப்புகள். "ஒட்டுண்ணி புடிச்சிருச்சு மேடம், நடவுக்கு வெச்சிருந்த பாசியை மொத்தமா கரையில கொட்டிட்டோம்" என்று கீழே ஒரு வரி. கொட்டிய பிறகு ஏன் கேட்கிறீர்கள்?

அது ஒட்டுண்ணி இல்லை. பெண் பாசி கருவுற்றிருக்கிறது, அவ்வளவுதான். கருவுற்ற இடம் அரைக்கோளமாக உப்பும். உச்சியில் சின்னதாக ஒரு துளை இருக்கும். முதிர்ந்த வித்துகள் அந்த வழியாகத்தான் வெளியே வரும். புடைப்பின் நிறமும் பாசியின் நிறமாகவே இருக்கும். பிளேடால் நெடுக்காக வெட்டிக் கைலென்ஸில் பாருங்கள். உள்ளே கருஞ்சிவப்பாக வித்துக் கூட்டம் தெரிந்தால் சந்தோஷப்பட வேண்டும், பயப்படக் கூடாது. இதைப் பயிற்சி முகாம்களில் எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த பருவத்தில் அதே படம், அதே கேள்வி.

நிஜமான ஒட்டுண்ணி எப்படி இருக்கும்? பெரும்பாலும் வெளிறிய சிறு கட்டி, கிட்டத்தட்ட வெள்ளை. சிவப்புப் பாசிகளின் மேல் ஒட்டுண்ணியாக வாழும் சிவப்புப் பாசிகளே நூற்றுக்கும் மேல் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை நெருங்கிய சொந்தங்களையே பிடிக்கின்றன. கலிபோர்னியக் கரையில் கஞ்சிப்பாசியின் உறவான கிராசிலேரியாப்சிஸ் மேல் வாழும் கிராசிலேரியோஃபிலா அப்படித்தான். எல்லா வெள்ளைக் கட்டியும் ஒட்டுண்ணி என்றும் நினைத்துவிடாதீர்கள். பாக்டீரியாவாலும் கட்டி வரும்.

"சாறை உறிஞ்சிடும்" என்பது அடுத்த நம்பிக்கை. உறிஞ்சுவது உண்மைதான், ஆனால் அதோடு நிற்பதில்லை. வட அட்லாண்டிக்கில் வெர்டிப்ராட்டா லனோசா என்ற பாசி அஸ்கோஃபில்லம் என்ற பழுப்புப் பாசியின் மேல் வளரும்; அந்த வெர்டிப்ராட்டாவின் மேல் கோரியோகோலாக்ஸ் குடியிருக்கும். இந்த ஒட்டுண்ணி தன் உட்கருவையே ஓம்புயிரியின், அதாவது தனக்கு இடம் கொடுத்த பாசியின், செல்லுக்குள் அனுப்புகிறது என்று லிண்டா காஃப், அனெட் கோல்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1984இல் காட்டினார்கள். சிவப்புப் பாசிகளில் பக்கத்துப் பக்கத்துச் செல்கள் தங்களுக்குள் இணைப்பு போட்டுக்கொள்வது வழக்கம். சொந்தக்காரர் வீட்டுக்குள் கொல்லைக் கதவு வழியாக நுழைவது போல, ஒட்டுண்ணியும் அதே முறையில் இணைப்பைப் போட்டுவிடுகிறது. அப்புறம் ஓம்புயிரியின் செல் வீங்கும், அதன் நுண்குமிழி (செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பை) சுருங்கும். கோரியோகோலாக்ஸின் உட்கரு அங்கே பெருகாமல் வெறுமனே தங்கியிருக்கும். கிராசிலேரியோஃபிலாவின் உட்கருவோ ஓம்புயிரியின் செல்லுக்குள்ளேயே பெருகி, அடுத்த செல்லுக்கும் போகும். மேலே தெரியும் கட்டியைச் சுரண்டினால் போதும் என்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

கப்பாபைகஸ் என்ற சிவப்புப் பாசியை மிதவையில் வளர்ப்பவர்களுக்கு வேறு தொல்லை. முதலில் தோலில் கரும்புள்ளி, பிறகு அதிலிருந்து மயிர் போன்ற இழை. அந்த இழையும் ஒரு பாசிதான். இழை வேரூன்றிப் பாசியைக் காயப்படுத்தும், ஆனால் தன் உணவை வெளிச்சத்தில் தானே தயாரித்துக்கொள்ளும். இதற்குத்தான் நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டும், ஏனென்றால் அந்தக் காயம் வழியாகப் பாக்டீரியா ஏறும். இழை பிடித்த துண்டை மறுநடவுக்கு எடுக்காதீர்கள். பிடுங்கித் திரும்பக் கடலில் போடாதீர்கள், கரைக்குக் கொண்டுவந்து காய வையுங்கள். வயல் பூஞ்சைக்கொல்லியைத் தயவுசெய்து கடலுக்குக் கொண்டுவராதீர்கள். இந்த இழை பூஞ்சையே இல்லை, அப்புறம் அது எதைக் கொல்லும்?

எனக்கு மாதிரி அனுப்புபவர்கள் காய்ந்து சுருண்டதை அனுப்ப வேண்டாம். கடல்நீரில் போட்டுக் குளிர்ச்சியாக அனுப்புங்கள். கட்டியை மட்டும் கிள்ளாமல், அது ஒட்டியிருக்கும் கிளையோடு வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒன்று. கட்டியிலிருந்து டிஎன்ஏ எடுத்து, பசுங்கணிக மரபணுவைப் படித்து, "இரண்டும் ஒரே இனம் மேடம்" என்று ஓடி வராதீர்கள். கிராசிலேரியோஃபிலாவிடம் இருக்கும் கணிகம் (பசுங்கணிகம் இந்த வகைதான்) ஓம்புயிரியிடமிருந்து எடுத்தது. ஓம்புயிரியின் டிஎன்ஏ வரிசைதான் வரும். கோரியோகோலாக்ஸோ ஒளிச்சேர்க்கை மரபணுக்களை இழந்த தன் சொந்தக் கணிகத்தை இன்னும் வைத்திருப்பது 2015இல் தெரியவந்தது. அதனால் உட்கரு மரபணுவையும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவையும் சேர்த்துப் படியுங்கள். அதே செடியின் கட்டியில்லாத கிளை நுனியையும் தனியாக எடுத்து வையுங்கள், ஒப்பிட அது இல்லாமல் என்னிடம் வராதீர்கள்.